செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்டு கோர்ஸை ஆடுவது எப்படி

ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள கோல்ஃப் மைதானமான ஓல்டு கோர்ஸில் வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. ஊர்க்காரர்கள் காலார நடக்கும் நாள் அது. ஆடப்போகிறவர் அன்று 18-ஆம் ஹோலில் (ஆட்டத்தின் கடைசிப் பகுதியில்) தொடங்கித் தலைகீழாக ஒருமுறை நடந்து பார்த்துவிட வேண்டும். ஒரு காலத்தில் இந்தக் கோர்ஸைக் கடிகார முள் சுற்றும் திசையில் ஆடினார்கள், இப்போது எதிர்த்திசை. பங்கர்கள் (மணல் குழிகள்) பலவும் இன்னும் பழைய திசைக்குத்தான் முகம் காட்டுகின்றன. 12-ஆம் டீயில் (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடத்தில்) நின்றால் வழியில் ஒன்றுமே இல்லாதது போலிருக்கும். கிரீனிலிருந்து (குழியும் கொடியும் இருக்கும் புல்தரையிலிருந்து) திரும்பிப் பார்த்தால் நடுவழியில் அத்தனையும் வாய் பிளந்து கிடக்கும்.

மொத்தம் 112 பங்கர்கள். பல பங்கர்கள் பார்க்கச் சிறியவை, ஆனால் சுற்றியுள்ள தரை உட்புறமாகச் சரிவதால் தள்ளி விழுந்த பந்தும் உருண்டு உள்ளே போய்விடும். விழுந்துவிட்டால் முதலில் சுவரைப் பாருங்கள். புல்கட்டிகளைச் செங்கல் மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செங்குத்தாக எழுப்பியிருப்பார்கள். பந்து சுவரை ஒட்டிக் கிடந்தால் கொடியை மறந்துவிட்டு, பக்கவாட்டிலோ பின்புறமாகவோ வெளியே எடுங்கள். 1995 ஓபன் போட்டியில் 14-ஆம் ஹோலின் ஹெல் பங்கரிலிருந்து வெளியே வர, பெரும் வீரர் ஜாக் நிக்லாஸுக்கே நான்கு ஷாட் (அடி) ஆனது. 2000 ஓபனில் டைகர் உட்ஸ் நான்கு சுற்றிலும் ஒரு பங்கரில்கூட விழவில்லை. எட்டு ஷாட் வித்தியாசத்தில் வென்றார்.

டீயில் நிற்கும்போது ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். இடப்பக்கம் அடித்தால் பெரும்பாலும் பந்து பத்திரம், ஏனென்றால் போகிற வழியும் வருகிற வழியும் அங்கே ஒட்டிக் கிடக்கின்றன. ஆனால் கிரீனுக்கு நல்ல கோணம் அநேகமாக வலப்பக்கத்திலிருந்துதான். அங்கேதான் முட்புதரும் எல்லைச் சுவரும் இருக்கின்றன. எவ்வளவு துணிவது என்பதை ஒவ்வொரு டீயிலும் காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஏழு கிரீன்கள் இரண்டிரண்டு ஹோல்களுக்குப் பொது. எண்களைக் கூட்டினால் 18 வரும்: 2-உம் 16-உம், 5-உம் 13-உம் என்று. போகும்போது வெள்ளைக் கொடி, திரும்பும்போது சிவப்பு. கொடியை மாற்றிப் பார்த்துவிட்டால் மிக நீளமான பட் (கிரீனில் பந்தை உருட்டும் அடி) மிஞ்சும்.

17-ஆம் ஹோலுக்கு மட்டும் தனித் திட்டம் வேண்டும். டீ ஷாட் கொட்டகைக்கு மேலே போகிறது, பந்து விழும் இடம் கண்ணுக்குத் தெரியாது. வலப்பக்கம் ஹோட்டல் வளாகம், எல்லைக்கு வெளியே. கிரீன் ஒடுக்கமானது, மேடானது, குறுக்கே சாய்ந்து கிடக்கிறது. முன்னால் இடப்பக்கம் ரோடு பங்கர், பின்னால் தார்ச்சாலை. சாலையும் ஆட்டத்தின் பகுதிதான்: அங்கே நின்ற பந்தைக் கிடந்தபடியே அடிக்க வேண்டும், சலுகை இல்லை. கொடியைக் குறிவைத்தால் வேகம் குறைந்த பந்தைப் பங்கர் இழுத்துக்கொள்ளும். கூடினால் சாலைக்குப் போகும். 1978 ஓபனில் ஜப்பானின் டாமி நாகாஜிமா கிரீனில் இருந்த பந்தை பட் செய்து இந்தப் பங்கருக்குள் தள்ளி, ஹோலை 9 ஷாட்டில் முடித்தார். இரண்டாவது ஷாட்டைக் கிரீனின் முன் வலப்பக்கத்துக்குச் சற்றுக் குறைவாக நிறுத்துங்கள். அங்கிருந்து கிரீனின் நீளம் முழுதும் உங்கள் எதிரே இருக்கும். மூன்றாவதை மேட்டில் உருட்டி ஏற்றலாம். ஐந்து ஷாட்டில் முடித்தால் இந்த ஹோலில் நல்ல ஆட்டமே.

கிரீனுக்கு வெளியேயும் பந்தை உருட்டும் மட்டையான பட்டர்தான் முதல் தேர்வு. புல் குட்டை, தரை இறுகியது. பந்தை மேலே தூக்கும் மட்டையான வெட்ஜின் அடிப்பாகம் தரையில் மோதித் துள்ளி, பந்தின் தலையில் பட்டுவிடும். 18-ஆம் கிரீனுக்கு முன்னால் உள்ள பள்ளத்தின் பெயர் வேலி ஆஃப் சின். 1995-இல் கோஸ்தான்தினோ ரோக்கா அங்கிருந்து பட்டரால் உருட்டி ஹோலில் போட்டு, ஜான் டேலியோடு சமனானார். பள்ளத்தின் எதிர்மேடு வேகத்தை நிறையக் குடிக்கும். கண்ணுக்குத் தோன்றுவதைவிட ஓங்கி அடியுங்கள். குறைந்தால் பந்து திரும்பி உங்கள் காலடிக்கே வந்து நிற்கும்.