விரலால் கோலம் போடும் ஆப்: நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு

போன மார்கழியில் அம்மா, "நோட்டுல போட்டுப் பார்க்கிற மாதிரி போன்லயே கோலம் போட்டுப் பார்க்க முடியாதா?" என்று கேட்டார். சரி, நாமே செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒரு சாயங்காலம் போதும்.

தேவையானவை ஒரு லேப்டாப், ஒரு ஆண்ட்ராய்டு போன். லேப்டாப்பின் பிரவுசரில் எம்ஐடி ஆப் இன்வென்டரைத் திறந்து புது ப்ராஜெக்ட் தொடங்குங்கள். இது ஆப் செய்வதற்கான தளம். 2010-இல் கூகுள் வெளியிட்டது, பிறகு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் எடுத்து நடத்துகிறது, இலவசம். இதில் நிரலைத் தட்டச்சு செய்ய வேண்டாம், கட்டங்களை இழுத்துப் பொருத்தினால் போதும். போனில் 'எம்ஐடி ஏஐ2 கம்பேனியன்' ஆப்பை நிறுவி, லேப்டாப்பில் கனெக்ட் மெனுவில் வரும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் தகராறு இல்லை. மதுரை திருநகரில் எங்கள் வீட்டில் அன்று கரண்ட் போய்விட்டது. போனின் ஹாட்ஸ்பாட்டில்தான் மீதி வேலை நடந்தது.

1. வாசல்

டிசைனர் பக்கத்தில் 'கேன்வாஸ்' என்பதை இழுத்துத் திரையில் போடுங்கள். வரையும் பலகை இது, நம் வாசல் இதுதான். அகலம் 300, உயரம் 300. பின்னணி டார்க் கிரே, பெயின்ட் கலர் வெள்ளை, லைன் விட்த் 5. கூடவே மூன்று பட்டன்கள்: 'புள்ளி', 'அழி', 'அனுப்பு'.

2. புள்ளி

பிளாக்ஸ் பக்கத்துக்கு வாருங்கள். 'புள்ளி' பட்டனின் கிளிக் கட்டத்துக்குள் 'ஃபார் ஈச் நம்பர்' கட்டம் ஒன்று, அதற்குள் இன்னொன்று. இரண்டிலும் 50-இலிருந்து 250 வரை, 50 கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். வெளியே இருப்பதற்கு ஒய், உள்ளே இருப்பதற்கு எக்ஸ் என்று பெயர் மாற்றுங்கள். இல்லாவிட்டால் எது எது என்று குழம்பும். நடுவில் கேன்வாஸின் 'டிரா சர்க்கிள்', மையம் எக்ஸ், ஒய், ஆரம் 4. பட்டனைத் தட்டினால் 5 புள்ளி, 5 வரிசை.

பள்ளிக்கூட கிராஃப் தாளில் ஒய் மேல்நோக்கி ஏறும். போன் திரையில் கணக்கு இடது மேல் மூலையில் தொடங்குகிறது, ஒய் கீழே இறங்குகிறது. அம்மா புள்ளி வைக்கிற மாதிரியேதான், மேல் வரிசை முதலில்.

3. கோடு

'வென் கேன்வாஸ்1.டிராக்டு' கட்டத்தை எடுங்கள். விரல் நகரும்போதெல்லாம் இது ஓடும். விரல் முதலில் பட்ட இடம் (ஸ்டார்ட்), சற்று முன் இருந்த இடம் (ப்ரீவ்), இப்போது இருக்கும் இடம் (கரன்ட்) என்று மூன்றையும் அது கொடுக்கும். உள்ளே 'டிரா லைன்' போட்டு, ப்ரீவிலிருந்து கரன்டுக்குக் கோடு இழுக்கச் சொல்லுங்கள்.

நான் முதலில் ப்ரீவுக்குப் பதில் ஸ்டார்ட்டைப் பொருத்திவிட்டேன். விரலை வளைத்து இழுத்தால் ஒரே புள்ளியிலிருந்து நூறு கோடுகள் கிளம்பி, பனையோலை விசிறி மாதிரி விரிந்தது. அம்மாவுக்கு அதுவும் பிடித்திருந்தது என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு சோதனை. ஒரு புள்ளியைச் சுற்றி மெதுவாக ஒரு நெளி போடுங்கள். வளைவு அழகாக வரும். அதே நெளியைச் சர்ரென்று போட்டுப் பாருங்கள். முனை முனையாக உடைந்திருக்கும். ஏனென்றால் உங்கள் விரல் போட்ட வளைவு ஆப்புக்குத் தெரியவே தெரியாது. விரல் எங்கே இருக்கிறது என்று திரை விட்டு விட்டு இரண்டு எண்களை மட்டும் சொல்கிறது; அவற்றை நேர்கோடுகளால் சேர்ப்பது நாம்தான். வேகமாகப் போனால் எண்களுக்கு நடுவே இடைவெளி பெரிதாகிறது, அவ்வளவுதான்.

4. அழிப்பது

'அழி' பட்டனில் 'கேன்வாஸ்1.கிளியர்'. இது புள்ளிகளையும் சேர்த்தே துடைத்துவிடும். கேன்வாஸில் விழுந்தபின் அது கோடா புள்ளியா என்ற ஞாபகம் எதுவும் இல்லை, வெறும் நிறம்தான். கடைசிக் கோட்டை மட்டும் எடுக்க வேண்டுமென்றால் எல்லா எண்களையும் பட்டியலில் சேர்த்து வைத்துத் திரும்ப வரைய வேண்டும். அது இன்னொரு நாள் வேலை.

5. அனுப்புவது

சோஷியல் பகுதியிலிருந்து 'ஷேரிங்' என்பதை இழுத்துப் போடுங்கள், திரையில் தெரியாது. 'அனுப்பு' பட்டனில் 'ஷேர் ஃபைல்' கட்டம், அதன் வாயில் 'கேன்வாஸ்1.சேவ்'.

இதில் வாட்ஸ்அப் என்ற பெயரே எங்கும் வரவில்லை, கவனித்தீர்களா? ஒரு ஆப் இன்னொரு ஆப்பின் வீட்டுக்குள் நுழைய ஆண்ட்ராய்டு விடாது. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் மல்லி கொண்டுவருபவர் ஒவ்வொரு பூக்காரம்மாவாகத் தேடிப் போவதில்லை, கமிஷன் கடையில் இறக்குகிறார். அதுபோல நம் ஆப், "இது ஒரு படம், யார் வாங்கிக்கொள்கிறீர்கள்?" என்று ஆண்ட்ராய்டிடம் ஒப்படைக்கிறது. படம் வாங்கத் தெரிந்த ஆப்கள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கின்றன.

அதில் வாட்ஸ்அப்பைத் தட்டி முதல் கோலத்தைக் குடும்பக் குரூப்பில் போட்டேன். இரண்டே நிமிடத்தில் பெரியம்மாவின் பதில்: "நெளி எல்லாம் மூலை மூலையா நிக்குதே, அவசரமா போட்டியாக்கும்?"