ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரை எப்படி மதிப்பிடப்படுகிறது: முதன்முறை அனுப்புவோருக்கு ஒரு வழிகாட்டி

கட்டுரையைப் பதிவேற்றி ‘சப்மிட்’ பொத்தானை அழுத்தியதோடு தங்கள் வேலை முடிந்துவிட்டது என்றும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் முகம் தெரியாத சிலரின் விருப்பு வெறுப்பு என்றும் ஆய்வு மாணவர்களில் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் மதிப்பாய்வின் ஒவ்வொரு கட்டத்திலும் எதைப் பார்ப்பார்கள் என்பது பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடக்கூடியதுதான். கட்டுரை சொல்லும் முடிவு ஒரு பக்கம், அதற்குக் காட்டும் ஆதாரம் மறுபக்கம் என்று வைத்துக்கொண்டு, இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பார்ப்பதே மதிப்பாய்வின் சாரம். அந்த இடைவெளியை அனுப்புவதற்கு முன்பே நீங்கள் கண்டுபிடித்துக் குறைத்துவிட வேண்டும் என்பதே இந்த வழிகாட்டி முழுவதிலும் நான் வலியுறுத்த விரும்புவது.

முதல் வேலை, உண்மையிலேயே மதிப்பாய்வு நடத்தும் இதழைத் தேர்ந்தெடுப்பது. 2013ஆம் ஆண்டு ஜான் பொஹானன் என்ற அறிவியல் பத்திரிகையாளர், வெளிப்படையான பிழைகள் நிறைந்த ஒரு போலிக் கட்டுரையின் வெவ்வேறு வடிவங்களை யாரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கக்கூடிய 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பிப் பார்த்தார். அவற்றில் 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. ‘சயின்ஸ்’ இதழில் வெளியான அந்த முடிவு, ‘மதிப்பாய்வுக்கு உட்பட்ட இதழ்’ என்று முகப்பில் எழுதிக்கொள்வது எவ்வளவு எளிது என்பதைக் காட்டியது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு தான் நடத்திவந்த, ஏற்கத்தக்க இதழ்களின் ‘கேர்’ பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டு, இதழ்களை எடைபோடுவதற்கான அளவுகோல்களை மட்டும் பரிந்துரைத்திருப்பதால், தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இப்போது நம்மிடமும் நம் கல்வி நிறுவனங்களிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே, இதழில் அண்மையில் வெளியான சில கட்டுரைகளை முழுமையாகப் படியுங்கள். ஆசிரியர் குழுவில் பெயருள்ளவர்கள் தங்கள் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தப் பொறுப்பைக் குறிப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டுரை பெறப்பட்ட நாளும் ஏற்கப்பட்ட நாளும் அச்சிடப்பட்டிருந்தால் இடையில் எத்தனை நாள் கழிந்திருக்கிறது என்று கணக்கிடுங்கள். கட்டணம் கட்டினால் ஒரு வாரத்தில் ஏற்புக் கடிதம் என்று உறுதியளிக்கும் இதழைத் தொடவே வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு ஒரே கட்டுரையை அனுப்பக் கூடாது என்பதும் உலகெங்கும் பின்பற்றப்படும் விதி.

கட்டுரை போய்ச் சேர்ந்ததும் முதலில் பார்ப்பது இதழின் அலுவலகம். படங்கள், அட்டவணைகள், சொல் எண்ணிக்கை, நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் ஆகியவை சரிபார்க்கப்படும். வேறு எழுத்துகளோடு எந்த அளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் வழியாகச் சோதிக்கப்படும். அதைத் தாண்டியதும் இதழாசிரியர் படிப்பார். தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை ஆகியவற்றைப் பார்த்தே, இது எங்கள் வாசகருக்கு உரியதா, புதிதாக ஏதேனும் சொல்கிறதா, வெளியே அனுப்பும் தரத்தில் இருக்கிறதா என்று அவர் தீர்மானித்துவிட முடியும். பெயர்பெற்ற இதழ்களில் பெரும்பாலான கட்டுரைகள் மதிப்பாய்வாளரிடம் போகாமல் இந்தக் கட்டத்திலேயே திரும்பிவிடுகின்றன. அப்படித் திரும்பி வந்தால் அது ஆய்வின் தரம் பற்றிய தீர்ப்பு என்று உடைந்துபோக வேண்டியதில்லை. பல நேரங்களில் இதழுக்கும் கட்டுரைக்கும் பொருத்தமில்லை என்பதே காரணம். கட்டுரையோடு இணைத்து அனுப்பும் முகப்புக் கடிதத்தில் இதழைப் புகழ்வதற்குச் செலவிடும் வரிகளை விட, என்ன கேள்வி, என்ன கண்டோம், இந்த இதழின் வாசகருக்கு அது ஏன் வேண்டும் என்று நேரடியாகச் சொல்லும் மூன்று வாக்கியங்கள் மிகுந்த பயன் தரும்.

அடுத்து மதிப்பாய்வாளர்களைத் தேடுவார்கள். பொதுவாக இரண்டு அல்லது மூன்று பேர். உங்கள் மேற்கோள் பட்டியலில் உள்ளவர்களையே இதழாசிரியர் முதலில் நாடுவது வழக்கம் என்பதால், நீங்கள் யாரை மேற்கோள் காட்டுகிறீர்களோ அவரே உங்கள் கட்டுரையைப் படிக்கக்கூடும் என்ற எண்ணத்தோடு எழுதுவது நல்லது. பெயர்களைப் பரிந்துரைக்கச் சொல்லும் இதழ்களில், உங்களோடு சேர்ந்து எழுதியவரையோ உங்கள் நெறியாளரின் நண்பரையோ குறிப்பிடாமல், துறையில் அந்தப் பொருளை அறிந்த, உங்களோடு தொடர்பில்லாதவர்களின் நிறுவன மின்னஞ்சலைக் கொடுங்கள். இதில் இதழ்கள் இன்று மிகவும் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு: 2017 ஏப்ரலில் ‘ட்யூமர் பயாலஜி’ என்ற புற்றுநோய் ஆய்விதழிலிருந்து 107 கட்டுரைகள் ஒரே அறிவிப்பில் திரும்பப் பெறப்பட்டன. அவற்றின் மதிப்பாய்வு, பரிந்துரைக்கப்பட்ட மதிப்பாய்வாளர்களின் பெயரில் வந்த போலி மதிப்புரைகளால் சிதைக்கப்பட்டிருந்தது தெரியவந்ததே காரணம்.

யார் யாரை அறிவார் என்பது இதழுக்கு இதழ் மாறும். பல அறிவியல் இதழ்களில் மதிப்பாய்வாளருக்குக் கட்டுரையாளரின் பெயர் தெரியும், கட்டுரையாளருக்கு மதிப்பாய்வாளரைத் தெரியாது. சமூக அறிவியல் இதழ்கள் பலவற்றில் இரு தரப்பும் மறைக்கப்படும். அத்தகைய இதழுக்கு அனுப்பும்போது முதல் பக்கத்துப் பெயரை மட்டும் நீக்கினால் போதாது. நன்றியுரை, நிதியுதவி எண், கோப்பின் பண்புகளில் பதிந்திருக்கும் பெயர், ‘எங்கள் முந்தைய கட்டுரையில் காட்டியபடி’ என்பது போன்ற தொடர்கள் ஆகிய அனைத்தையும் பார்த்துத் திருத்த வேண்டும். இன்னொரு பக்கம், மருத்துவ இதழான ‘பிஎம்ஜே’ 1999ஆம் ஆண்டு முதலே மதிப்பாய்வாளரின் பெயரைக் கட்டுரையாளருக்குத் தெரிவித்து வருகிறது. ‘நேச்சர்’ இதழோ, 2025 ஜூன் முதல் சமர்ப்பிக்கப்படும் ஆய்வுக் கட்டுரைகள் வெளியாகும்போது மதிப்புரைகளையும் கட்டுரையாளரின் பதில்களையும் சேர்த்தே வெளியிடும் முறைக்கு மாறியிருக்கிறது. ஆய்வு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடநூல் இல்லை. உங்கள் துறையில் அப்படி வெளியான ஒரு மதிப்பாய்வுக் கோப்பை எடுத்துத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்துப் பாருங்கள்; எத்தகைய கேள்விகள் எழுகின்றன, அனுபவமுள்ளவர்கள் அவற்றுக்கு எவ்வளவு பொறுமையாக விடை சொல்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும்.

மதிப்பாய்வாளர் எதைத் தேடுகிறார்? 2006இல் தொடங்கிய ‘பிளாஸ் ஒன்’ போன்ற இதழ்கள், ஆய்வு முறையாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்பதை மட்டும் பார்க்கச் சொல்கின்றன. முடிவு எவ்வளவு முக்கியமானது என்ற கேள்வியை எழுப்புவதில்லை. வேறு பல இதழ்கள் இரண்டையும் பார்க்கச் சொல்கின்றன. எந்த இதழானாலும் கூர்மையான கேள்விகள் வருவது ஆய்வுமுறைப் பகுதியில்தான். மாதிரி எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது, எத்தனை, ஏன் அத்தனை, எதோடு ஒப்பிட்டார்கள், இந்தப் புள்ளியியல் சோதனை இந்தத் தரவுக்குப் பொருந்துமா, விடுபட்ட தரவு என்னவாயிற்று என்று கேட்பார்கள். ஆகையால் ஆய்வுமுறைப் பகுதியை, உங்கள் ஆய்வகத்தில் இல்லாத ஒருவர் படித்து அதே வேலையைத் திரும்பச் செய்ய முடியுமா என்று சோதித்துப் பாருங்கள். பிறகு சுருக்கத்திலும் முடிவுரையிலும் உள்ள ஒவ்வொரு கூற்றையும் தனியே எடுத்து, அதைத் தாங்கும் அட்டவணையோ படமோ எது என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். குறிக்க இயலாத கூற்று வந்தால் அதை நீக்கிவிடுங்கள் அல்லது அடக்கிச் சொல்லுங்கள்.

முடிவுக் கடிதம் பொதுவாக நான்கில் ஒன்றாக வரும்: ஏற்பு, சிறு திருத்தம், பெருந்திருத்தம், நிராகரிப்பு. முதல் சுற்றிலேயே ஏற்பு என்பது அரிது. பெருந்திருத்தம் கேட்டு வந்த கடிதத்தைத் தோல்வியாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். கட்டுரையில் இதழாசிரியருக்கு ஆர்வம் இருக்கிறது என்பதற்கான சான்று அது. மதிப்பாய்வாளர்கள் பரிந்துரைக்கத்தான் செய்கிறார்கள், முடிவெடுப்பவர் இதழாசிரியர் என்பதால், அவர் தம் கடிதத்தில் எந்தக் குறிப்புகளை அழுத்திச் சொல்லியிருக்கிறார் என்பதை முதலில் கவனியுங்கள்.

கடிதத்தைப் படித்த அன்றே பதில் எழுத உட்காராதீர்கள். 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ஈர்ப்பலைகள் இல்லை என்று வாதிட்டு ‘பிசிக்கல் ரிவ்யூ’ இதழுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார்கள். இதழாசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு அனுப்பி, வந்த குறிப்புகளைத் திருப்பி அனுப்பினார். தம் அனுமதியின்றி வேறொருவரிடம் காட்டியதற்காகக் கோபம் கொண்ட ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பின்னர் அது வேறோர் இதழில் வந்தபோது அதன் முடிவு மாறியிருந்தது. பிழையைச் சுட்டிய மதிப்பாய்வாளர், இயற்பியலாளர் ஹோவர்ட் ராபர்ட்சன், சொன்னதே சரியாக இருந்தது.

பதில் கடிதத்தை எப்படி எழுதுவது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காட்டுகிறேன். ஒரு வட்டாரத்தின் 32 கிணறுகளில் ஜனவரி மாதத்தில் நீர் எடுத்துச் சோதித்து, ‘இவ்வட்டாரத்தின் நிலத்தடி நீர் குடிக்கத் தகுதியற்றது’ என்று முடித்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு எடுத்த மாதிரியைக் கொண்டு ஆண்டு முழுமைக்கும் முடிவு சொல்ல இயலுமா என்று மதிப்பாய்வாளர் கேட்கிறார். ‘கருத்துக்கு நன்றி, தேவையான மாற்றங்கள் செய்யப்பட்டுள்ளன’ என்ற பதில் அவரை மறுபடியும் கட்டுரை முழுவதையும் தேட வைக்கும். மாறாக இப்படி எழுதலாம்: “எங்கள் மாதிரிகள் பருவமழைக்குப் பிந்தைய காலத்தை மட்டுமே குறிக்கின்றன என்பதை ஏற்கிறோம். கோடைக்கால மாதிரிகள் எங்களிடம் இல்லை. எனவே தலைப்பில் காலத்தைக் குறிப்பிட்டுள்ளோம். சுருக்கத்தின் கடைசி வாக்கியத்தை, ‘ஆய்வுக்கு உட்பட்ட 32 கிணறுகளில் 11இல், ஜனவரி மாதத்தில், நைட்ரேட் அளவு லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்ற இந்தியத் தர வரம்பைத் தாண்டியிருந்தது’ என்று மாற்றியுள்ளோம் (பக்கம் 1, வரி 18 முதல் 20). கோடையில் இந்த அளவு மாறக்கூடும் என்பதை ஆய்வின் வரம்புகள் பற்றிய பத்தியில் சேர்த்துள்ளோம் (பக்கம் 9, வரி 4 முதல் 11).” குறிப்பை முழுமையாக எடுத்தெழுதி, கீழே பதிலும் மாற்றிய வரியும் இடமும் தந்துவிட்டால், படிப்பவர் உங்கள் கடிதத்தை விட்டு வெளியே போகாமலேயே நிறைவடைய முடியும். ஒரு குறிப்பைக்கூட விட்டுவிடக் கூடாது.

மதிப்பாய்வாளர் சொல்வதை எல்லாம் ஏற்க வேண்டும் என்பதில்லை. அவர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், முதலில் அந்தத் தவறான புரிதலுக்கு உங்கள் வாக்கியம் இடம் கொடுத்ததா என்று பார்த்து அதைத் திருத்துங்கள். பிறகு மறுப்பைத் தரவோடும் மேற்கோளோடும் சொல்லுங்கள். இரு மதிப்பாய்வாளர்கள் ஒருவருக்கொருவர் முரண்பட்டால், நீங்கள் எந்தப் பக்கம் சென்றீர்கள், ஏன் சென்றீர்கள் என்பதை இதழாசிரியருக்குத் தனியே விளக்குங்கள். தொடர்பில்லாத தம் சொந்தக் கட்டுரைகளை மேற்கோள் காட்டச் சொல்லி ஒருவர் வற்புறுத்தினால், அதையும் இதழாசிரியரிடம் தெரிவிக்கலாம். அது உங்கள் உரிமை.

காத்திருக்கும் காலம் வாரங்களாகவும் இருக்கலாம், மாதங்களாகவும் இருக்கலாம். மதிப்பாய்வாளர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி, தங்கள் கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் இடையில் இதைச் செய்கிறார்கள். இணையதளத்தில் ‘அண்டர் ரிவியூ’ என்ற நிலை மூன்று மாதங்களுக்கு மேல் மாறாமல் இருந்தால், கட்டுரை எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் பணிவாக விசாரிக்கலாம்.

நிராகரிப்பு வந்தால், மதிப்பாய்வில் நிரூபிக்கக்கூடிய உண்மைப் பிழை இருந்தால் மட்டும் மேல்முறையீடு செய்யுங்கள். இல்லையென்றால் வேறு இதழுக்குச் செல்லலாம், ஆனால் வந்த குறிப்புகளின்படி திருத்தாமல் அப்படியே அனுப்பாதீர்கள். சிறிய துறைகளில் அதே மதிப்பாய்வாளரிடமே கட்டுரை மறுபடி போய்ச் சேர்வது உண்டு. தாம் சொன்ன எதுவும் கவனிக்கப்படவில்லை என்று கண்டால் அவர் முதல் பத்தியிலேயே அதை எழுதிவிடுவார்.

ஏற்பு வந்த பிறகு, வெளியிடுவதற்கு முன் சரிபார்ப்பதற்கான மெய்ப்பு வரும், அதைத் திருப்பி அனுப்ப இரண்டு மூன்று நாள்களே தருவார்கள். அதில் மொழிநடையை மெருகேற்ற முனையாமல், கட்டுரையாளர் பெயர்கள், நிறுவன முகவரி, அட்டவணைகளில் தசமப் புள்ளிகள், அலகுகள், படங்களின் எக்ஸ், ஒய் அச்சுக் குறிப்புகள் ஆகியவற்றை மூலப்படியோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியான பின் அவற்றில் ஒன்றை மாற்ற வேண்டுமானால், முறைப்படி தனித் திருத்த அறிவிப்பு வெளியிட வேண்டியிருக்கும்.