சின்ன ஆபீஸுக்கு நெட்வொர்க் போடப் போறீங்களா? டோபாலஜில இருந்து ஆரம்பிங்க

பத்து பன்னெண்டு சிஸ்டம் இருக்குற ஆடிட்டர் ஆபீஸ், கோச்சிங் சென்டர் மாதிரி இடம்னா கேபிள் வாங்க கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுத்து படம் போடுங்க. எந்த டேபிள்ல எந்த சிஸ்டம், பிரிண்டர் எங்க, இன்டர்நெட் லைன் எந்தப் பக்கமா உள்ள வருது, எதுல இருந்து எதுக்கு கேபிள் போகுது, எல்லாமே அதுல வரணும். பாடத்துல டோபாலஜினு படிக்கிறது இந்தப் படத்ததான், இத சரியா போட்டுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நெட்வொர்க் வகைய சீக்கிரம் பாத்துரலாம். போனும் ப்ளூடூத் ஹெட்செட்டும் பேசிக்கிறது பேன் (PAN), ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கிறது லேன் (LAN), ஊர் முழுக்க பரவுறது மேன் (MAN), ஊர் விட்டு ஊர் நாடு விட்டு நாடு போறது வேன் (WAN). நீங்க போடப்போறது லேன். ரூட்டர்ல, அதாவது இன்டர்நெட் லைன ஆபீஸோட சேர்க்குற பெட்டியில, ஒரு போர்ட்ல (கேபிள் சொருகுற இடத்துல) மட்டும் வேன்னு எழுதியிருந்தா வெளிய இருந்து வர்ற லைன் அதுலதான், மத்த போர்ட் எல்லாம் உங்க ஆபீஸுக்கு.

இப்ப டோபாலஜி. பஸ்னா ஒரே கேபிள் எல்லா மெஷினையும் தொட்டுகிட்டு போகும், பழைய 10பேஸ்2ங்கிற ஈத்தர்நெட் (கேபிள்ல லேன் போடுற முறை) இப்படித்தான், டிவி கேபிள் மாதிரி இருக்குற கோஆக்சியல் கேபிள், அதிகபட்சம் 185 மீட்டர், சிக்னல் திரும்பி வராம இருக்க ரெண்டு முனையிலயும் 50 ஓம் டெர்மினேட்டர்னு ஒரு மூடி மாட்டணும், நடுவுல எங்கயாவது அறுந்துச்சுன்னா அறுந்த முனையில சிக்னல் பட்டு திரும்பி வந்து மொத்த ஆபீஸும் நின்னுரும். ரிங் வந்து ஐபிஎம்மோட டோக்கன் ரிங்ல ரொம்ப ஓடுச்சு, வளையத்துல சுத்தி வர்ற டோக்கன்ங்கிற அனுமதிச் சீட்டு யார்கிட்ட இருக்கோ அவங்கதான் டேட்டா அனுப்பலாம். ஆபீஸ்ல இருந்து அது போயிருச்சு, ஆனா டெலிகாம் பைபர்ல ரிங் இன்னைக்கும் இருக்கு, ஒரு பக்கம் வெட்டுப்பட்டா மறுபக்கமா சுத்திப் போயிடலாம்ல. ஃபுல் மெஷ்னா ஒவ்வொண்ணும் மத்த எல்லாத்தோடயும் நேரடியா சேரணும், 12 சிஸ்டத்துக்கு 66 கேபிள் வேணும், யாரு இழுக்கிறது?

அதனால உங்களுக்கு ஸ்டார்தான், யோசிக்கவே வேண்டாம். நடுவுல ஒரு சுவிட்ச் (கரண்ட் சுவிட்ச் இல்ல, வர்ற டேட்டாவ எந்த சிஸ்டத்துக்கோ அதுக்கு அனுப்புற நிறைய போர்ட் உள்ள பெட்டி), ஒவ்வொரு சிஸ்டத்துல இருந்தும் தனி கேபிள் அங்க வரும், ஒரு கேபிள் போனா ஒரு சிஸ்டம்தான் போகும். சுவிட்ச் போனா எல்லாம் போகும், அது உண்மை, அதனால அத யூபிஎஸ்ல போடுங்க, காத்தோட்டமான இடத்துல வைங்க. சுவிட்சுக்கு முன்னாடி இருந்த பழைய ஹப் பெட்டிய யாராச்சும் சும்மா குடுத்தாலும் வாங்காதீங்க, பாக்க ஸ்டார் மாதிரி இருக்கும் ஆனா ஒரு போர்ட்ல வர்றத எல்லா போர்ட்டுக்கும் தள்ளிவிடும், உள்ளுக்குள்ள அது பஸ்தான். 12 சிஸ்டம்னா பிரிண்டர், ரூட்டர், சிசிடிவி எல்லாம் சேரும், 16 போர்ட் டக்குனு நிறைஞ்சுரும், 24 போர்ட்டே வாங்கிருங்க.

கேபிள்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க, கேட்6ங்கிற நெட்வொர்க் கேபிள் சுத்த காப்பரான்னு கேட்டு வாங்குங்க, அலுமினியத்து மேல காப்பர் பூசினதும் கடையில அதே மாதிரி பாக்ஸ்ல வருது. ஒரு கேபிள் 100 மீட்டர தாண்டக்கூடாது, கரண்ட் வயரோட ஒரே பைப்புல இழுக்காதீங்க. கேபிள் முனையில ஆர்ஜே45 பிளக்க அழுத்தி மாட்ட (கிரிம்ப் பண்ண) டி568பிங்கிற வயர் கலர் ஆர்டர்: வெள்ளை ஆரஞ்ச், ஆரஞ்ச், வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். ரெண்டு முனையிலயும் இதே ஆர்டர். ஜிகாபிட்டுக்கு எட்டு வயரும் வேணும், நீலமோ பிரவுனோ ஒண்ணு சரியா உக்காரலன்னா லிங்க் 100 எம்பிபிஎஸ்ல நிக்கலாம், நெட் ஸ்லோன்னு நீங்க லைன் குடுத்தவங்களோட சண்டை போட்டுகிட்டு இருப்பீங்க. ரெண்டு முனையிலயும் நம்பர் ஒட்டுங்க, ப்ளீஸ், இத யாருமே செய்யறதில்ல.

ஒரே கேபிளோட ரெண்டு முனையும் ஒரே சுவிட்ச்ல போயிடக்கூடாது. லூப் ஆயிடும், எல்லா சிஸ்டத்துக்கும் போற ப்ராட்காஸ்ட் பாக்கெட் சுத்திகிட்டே பெருகி எல்லா லைட்டும் ஒண்ணா படபடன்னு அடிக்கும், யாருக்கும் நெட் வராது. இதுக்காகத்தான் ராடியா பெர்ல்மன்ங்கிற நெட்வொர்க் இன்ஜினியர் 1985ல, லூப் ஆகுற வழிய சுவிட்ச் தானா அடைக்கிற ஸ்பானிங் ட்ரீ முறைய எழுதினாங்க, ஆனா விலை கம்மியான, செட்டிங் மாத்த முடியாத அன்மேனேஜ்டு சுவிட்ச்ல பெரும்பாலும் அது இருக்காது, அதனால படத்துல இல்லாத கேபிள் எதுவும் தொங்காம பாத்துக்கங்க.

எல்லாம் மாட்டினதும் ஒவ்வொரு சிஸ்டத்துலயும் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ரூட்டரோட ஐபிக்கு (நெட்வொர்க்ல அதோட முகவரிக்கு) பிங் போடுங்க, பதில் வருதான்னு பாக்குற கமாண்ட் அது, நிறைய ரூட்டர்ல 192.168.1.1 இல்ல 192.168.0.1ஆ இருக்கும். ரிப்ளை வரலன்னா முதல்ல போர்ட்ல லைட் எரியுதான்னு பாருங்க, எரியலன்னா கேபிள டெஸ்டர்ல மாட்டுங்க, எரிஞ்சும் வரலன்னா ஐபி செட்டிங்க பாருங்க.