எஸ்யூவியோடு ட்ராக்குக்குப் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில்

ட்ராக்கில், அதாவது பந்தயப் பாதையில், மூன்றாவது லேப்பில் (சுற்றில்) அது நடந்தது. நீளமான நேர்பாதை முடிகிற இடத்தில், மணிக்கு 200 கி.மீ.யை ஒட்டிய வேகத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் வழக்கத்தைவிட ஒரு விரற்கடை கூடுதலாக உள்ளே போனது. மனப்பிரமை என்று விட்டுவிட்டேன். அடுத்த பெரிய வளைவில் இரண்டு விரற்கடை. அதற்கும் அடுத்ததில் கால் கிட்டத்தட்ட தரையையே தொட்டது. வண்டிக்கு நிற்கிற உத்தேசமே இல்லை. படபடவென்று மூன்று முறை மிதித்த பிறகுதான் பெடலுக்கு உயிர் வந்தது. கையை வெளியே நீட்டிக் காட்டிவிட்டு, ஊர்ந்துகொண்டே பிட்டுக்குள் (ட்ராக்கை ஒட்டி வண்டிகள் நிற்கும் இடம்) வந்து சேர்ந்தேன்.

பக்கத்தில் ஒரு பழைய சின்ன காரோடு வந்திருந்த பெரியவர் என் முன் சக்கரத்திலிருந்து வந்த நெடியை மோந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க தம்பி?" வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, டேங்க்கை நிரப்பிக் கொண்டுபோயிருந்தேன். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் இல்லை.

அதற்குப் பிறகு பல வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது, சொந்த வண்டியைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க விடும் ட்ராக் நாட்களில் புதியவர்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறேன். பெரிய எஸ்யூவியோடு வருகிறவர்கள் ஹெல்மெட்டை மாட்டுவதற்கு முன்பே கேட்பார்கள்: "இது ட்ராக்குக்குச் சரிப்படுமா சார்?" என் பதில் எப்போதும் ஒன்றுதான். ஒரு லேப்புக்குச் சரிப்படும், ஒரு நாளுக்குச் சரிப்படாது. ஒரு நாள் முழுக்க ஓட்ட வேண்டுமானால் அந்த நாளைத் துண்டு துண்டாக நறுக்கிக்கொள்ள வேண்டும். எப்படி நறுக்குவது என்பதுதான் இந்தக் கட்டுரை.

"அப்படியானால் நூர்பர்க்ரிங் சாதனையெல்லாம் பொய்யா?" என்று கேட்பவர்கள் உண்டு. பொய்யில்லை. 2021-இல் போர்ஷே கயென் டர்போ ஜிடி, ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் 20.832 கி.மீ. நீளமுள்ள நார்ட்ஷ்லைஃபெ என்ற சுற்றை 7 நிமிடம் 38.9 விநாடியில் சுற்றியது. 2024-இல் ஆடி ஆர்எஸ் க்யூ8 பெர்ஃபார்மன்ஸ் அதையும் முந்தி 7 நிமிடம் 36.7 விநாடியில் வந்தது. 2.2 டன்னைத் தாண்டிய வண்டிகளுக்கு இது அசுரத்தனமான வேகம். ஆனால் அந்தக் கயெனை ஓட்டியவர் லார்ஸ் கெர்ன், அந்த நிறுவனத்தின் சோதனை ஓட்டுநர். வண்டிக்குள் ரோல் கேஜும் (கவிழ்ந்தால் காக்கும் கூண்டு) ரேஸ் சீட்டும் பொருத்தியிருந்தார்கள். டயர் அந்த வண்டிக்கென்றே பிரெல்லி உருவாக்கிய பி ஜீரோ கோர்சா. பிரேக் கார்பன் செராமிக். எல்லாவற்றுக்கும் மேலாக, கணக்கில் வருவது ஒரே ஒரு லேப். உங்கள் ட்ராக் நாளில் இருபது நிமிட ஓட்டம் நான்கைந்து இருக்கும். பத்தாவது லேப்பில் என்ன ஆகும் என்று சாதனைப் பட்டியலில் எழுதமாட்டார்கள்.

பத்தாவது லேப்பில் ஆவது சூடு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 2.2 டன் வண்டியை 200-இலிருந்து 80-க்குக் கொண்டுவர ஏறக்குறைய 28 லட்சம் ஜூல் ஆற்றலைக் கழிக்க வேண்டும். அது பத்து லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான சூடு. ஒவ்வொரு பெரிய வளைவுக்கும் ஒரு வாளி வெந்நீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் இழுவை கொஞ்சத்தைத் தின்னும், மிச்சம் முழுவதும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிஸ்க்கில்தான் இறங்கும். இதே வேலையை 1.2 டன் கார் பாதிக்குச் சற்று மேலான சூட்டில் முடித்துவிடும். லம்போர்கினியின் எஸ்யூவியான ஊருஸில் முன் டிஸ்க்கை 440 மில்லிமீட்டருக்கு வைத்தது பகட்டுக்கு அல்ல, வேறு வழியில்லாமல்தான்.

டிஸ்க் தாங்கினாலும் பிரேக் ஆயில் தாங்க வேண்டுமே. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். ஈரம் ஏறிய ஆயிலுக்கு அதே விதியின் வரம்பு 155 டிகிரிதான். கொதித்தால் குமிழி உண்டாகும். ஆயிலை அமுக்க முடியாது, குமிழியை அமுக்கலாம். உங்கள் கால் குமிழியை அமுக்கிக்கொண்டிருக்கும், டிஸ்க்கைக் கவ்வ வேண்டிய பேட் சும்மா இருக்கும். எனக்கு நடந்தது அதுதான்.

அதனால் முதல் வேலை: ட்ராக்குக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, சீல் உடைக்காத புது டப்பாவிலிருந்து 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ரக ஆயிலை மாற்றுங்கள். நான்கு சக்கரத்தின் பிரேக் குழாயிலிருந்தும் காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதோடு போகாதீர்கள். மெலிந்த பேட் சூட்டைத் தடுக்காமல் நேராக ஆயிலுக்கு அனுப்பிவிடும். சாலைக்கான பேட்டைக் கழற்றிவிட்டு ட்ராக் பேட் போட முடிந்தால் இன்னும் நல்லது. செலவு என்று பார்த்தால் இதில் போடுகிற பணம்தான் உருப்படியானது. எக்ஸாஸ்ட்டுக்குச் செலவழித்துவிட்டு பழைய ஆயிலோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவன்தானே.

அடுத்தது உயரம். வளைவில் எந்த வண்டியும் எடையை வெளிப்பக்கச் சக்கரங்களுக்குத் தள்ளும். வண்டி கனமாகவும் ஈர்ப்பு மையம் உயரமாகவும் இருந்தால் தள்ளுகிற எடையும் கூடும். டயரில் ஒரு குணம் உண்டு: சுமையை இரண்டு மடங்காக்கினால் பிடிப்பு இரண்டு மடங்காகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆகவே வெளிப்பக்க முன் டயர் சாறு பிழிந்த கரும்பாகிவிடும். இப்போதைய வண்டிகளில் 48 வோல்ட் மோட்டார் வைத்துச் சாய்வை அடக்குகிறார்கள். வண்டி சாயாமல் நிற்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். சாய்வுதான் மறைகிறது, எடை போக வேண்டிய பக்கம் போய்க்கொண்டுதான் இருக்கும்.

டயர் என்ன பாடுபடுகிறது என்பதை ஒரு சாக்பீஸ் சொல்லிவிடும். ஓட்டத்துக்கு முன், ஒவ்வொரு டயரிலும் தரையைத் தொடும் பகுதியின் ஓரத்திலிருந்து பக்கச் சுவரின் மேலாக உள்நோக்கி இரண்டு விரல் நீளத்துக்குக் கோடு போடுங்கள். டயரின் தோளில் ஒரு குட்டி முக்கோணம் அச்சாகியிருக்கும், தேடினால் தெரியும். நான்கு லேப் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சாக்பீஸ் அந்த முக்கோணம் வரை அழிந்திருந்தால் சரி. அதைத் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்கிப் பக்கச் சுவரிலேயே ஓடுகிறது என்று பொருள். 2 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். முக்கோணத்துக்கு வெகு முன்பே நின்றிருந்தால் காற்று அதிகம், கொஞ்சம் இறக்குங்கள்.

லேசான கார்க்காரர்கள் காலையிலேயே காற்றை நன்றாக இறக்கிக்கொண்டு கிளம்புவார்கள். அவர்களைப் பார்த்து நீங்களும் இறக்காதீர்கள். வண்டிக் கையேட்டில் முழுச் சுமைக்கென்று போட்டிருக்கும் அழுத்தத்தில் தொடங்குங்கள். சூடேறும்போது அது 6, 8 பிஎஸ்ஐ கூடும். வந்து நின்ற உடனே, டயர் சூடாக இருக்கும்போதே அளந்து குறித்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிடம் கதை பேசிவிட்டு அளந்தால் அந்த எண்ணால் பயனில்லை. என் நோட்டில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நான்கு எண்கள் இருக்கும், நாலாவது ஓட்டத்தில் அவை கிட்டத்தட்ட மாறாமல் நின்றுவிடும். அப்புறம், கரடுமுரடு பாதைக்கான கட்டை டயரோடும் எல்லாப் பருவத்துக்குமான டயரோடும் வராதீர்கள். பொத்தல் பொத்தலாகப் பிய்ந்து போகும்.

கிளம்புவதற்கு முன் சில சில்லறை வேலைகள். உங்கள் வண்டியை அனுமதிப்பார்களா என்று ட்ராக் நாள் நடத்துபவரிடம் முதலிலேயே கேளுங்கள். கவிழும் அபாயம் கருதி உயரமான வண்டிகளைச் சேர்க்காதவர்களும் உண்டு. இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் ட்ராக்கில் செல்லாது, பத்திரத்தைப் படித்துவிடுங்கள். கூரை மேலிருக்கும் பெட்டி, கேரியர், குழந்தை சீட், ஸ்டெப்னி, தரைவிரிப்பு எல்லாம் வெளியே. இன்ஜின் ஆயில் மேல் கோடு வரை இருக்கட்டும். பெட்ரோல் பாதி டேங்க் போதும். ஏர் சஸ்பென்ஷன் இருந்தால் ஆகக் கீழான நிலையில் பூட்டுங்கள். சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து, கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்குங்கள். முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறியதும் மறுபடி ஒருமுறை.

இனி ஓட்டுவது. ஈஎஸ்பியை, அதாவது வண்டி சறுக்காமல் அடக்கும் மின்னணு அமைப்பை, முழுதாக அணைக்க வேண்டாம். ஸ்போர்ட் நிலையில் வைத்தால் போதும். உயரமான வண்டிகளில் அது சறுக்கலை மட்டுமல்லாமல் கவிழ்வதையும் சேர்த்துத்தான் கவனித்துக்கொள்கிறது. "அணைச்சாத்தானே சார் ஓட்டத் தெரியும்" என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு. என் பதில்: உங்களுக்குத் தெரியும், வண்டியின் உயரத்துக்குத் தெரியாது.

பிரேக்கை நேராக இருக்கும்போதே, மற்றவர்கள் மிதிக்கிற இடத்துக்கு முன்பே மிதியுங்கள். அழுத்தமாக, ஆனால் சுருக்கமாக. லேசாகத் தடவிக்கொண்டே போனால் டிஸ்க்குக்கு ஆற நேரம் கிடைக்காது. பிறகு ஸ்டீயரிங்கை ஒரே தடவையில் திருப்பி, வண்டி ஒரு பக்கமாக உட்காருகிற வரை காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் புதியவர்களுக்கு வராது. நான்கு சக்கரமும் இழுக்கிறதே என்ற தைரியத்தில் வளைவின் நடுவிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்துவார்கள். மூக்கு அகலமாக வெளியே போகும், அவர்கள் ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புவார்கள், முன் டயர் கதறும். டயர் கதறினால் ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் நேராக்குங்கள், காலை மெல்ல எடுங்கள். வளைவின் வெளிவாசல் கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் பவர். அடுத்தடுத்து இடமும் வலமுமாக வரும் வளைவுகளில் இன்னும் நிதானம் வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த இரண்டு டன் அடுத்த பக்கம் ஆடிவரும்போது வேகத்தைக் குறைத்திருக்க வேண்டும்.

பாதையோரத்தில் இருக்கும் உயரமான கெர்ப் (விளிம்புக் கட்டை) மேல் ஏறவே ஏறாதீர்கள். தவறிப்போய் இரண்டு சக்கரம் புல்லில் இறங்கிவிட்டால், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகம் குறைய விடுங்கள். வெடுக்கென்று தார்ப்பாதைக்குத் திருப்பக் கூடாது. வண்டிகள் கவிழ்வது பெரும்பாலும் தாருக்கு மேல் அல்ல. பக்கவாட்டில் சறுக்கும்போது சக்கரம் மண்ணிலோ விளிம்பிலோ தடுக்கித்தான்.

உயரத்தில் உட்கார்ந்திருப்பதால் வேகம் குறைவாகத் தோன்றும். கண்ணுக்குத் தோன்றுவதை நம்பாமல் மீட்டரை ஒரு முறை பாருங்கள். ரியர்வியூ கண்ணாடியையும் பாருங்கள். நேர்பாதையில் நீங்கள் ராஜா, வளைவில் மாட்டுவண்டி. பின்னால் சின்ன கார் ஒட்டிக்கொண்டு வந்தால், நேர்பாதையில் பவரைக் குறைத்து வழி விடுங்கள். விடாமல் வீம்பு பிடிக்கிற எஸ்யூவிக்காரர்களால்தான் நமக்கெல்லாம் கெட்ட பெயர்.

நறுக்குவது எப்படி என்றேனே: ஒரு லேப் சூடேற்ற, மூன்று லேப் வேகமாக, ஒரு லேப் பிரேக்கையே தொடாமல் ஆற்ற. இருபது நிமிடம் கொடுத்தாலும் இவ்வளவுதான். பேராசைப்படாதீர்கள். பெடல் நீளமாக உள்ளே போனால் ஆயில் கொதிக்கிறது. பெடல் கல்லாக இருந்தும் வண்டி நிற்கவில்லையென்றால் பேட் சூட்டில் பிடிப்பை இழந்துவிட்டது. இரண்டுக்கும் மருந்து ஒன்றே, அந்த லேப்போடு உள்ளே வருவது. கியர்பாக்ஸ் ஆயில் சூட்டைக் காட்டும் மீட்டர் இருந்தால் அதையும் கவனியுங்கள்; சில வண்டிகள் சூடேறியதும் சொல்லாமல் கொள்ளாமல் பவரைக் குறைத்துக்கொள்ளும்.

எலெக்ட்ரிக் வண்டிகளில் கதை கொஞ்சம் வேறு. ஹூண்டாய் அயோனிக் 5 N போன்றது எடையில் 2.2 டன்னை ஒட்டியதுதான், ஆனால் பேட்டரி தரையோடு படுத்திருக்கிறது, வேகத்தில் ஒரு பங்கை மோட்டாரே பிடித்து மின்சாரமாக்கிவிடுகிறது. பிரேக்குக்குச் சுமை குறையும். டயருக்குக் குறையாது.

பிட்டுக்கு வந்ததும் இன்னொரு கண்ணி இருக்கிறது. சூடான டிஸ்க்கைப் பேட் கவ்விக்கொண்டு நின்றால் அந்த இடத்தில் பேட் ஒட்டித் தடம் பதிந்துவிடும். பிறகு ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் ஸ்டீயரிங் நடுங்கும். ஆகவே, நின்றதும் தானாகப் பிரேக்கைப் பிடித்து வைக்கும் ஆட்டோ ஹோல்டை முன்கூட்டியே அணையுங்கள், காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். பல வண்டிகள் பார்க்குக்குப் போட்டு அணைத்ததும் தாமாகவே ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிடும், அதை எப்படித் தடுப்பது என்று கையேட்டில் பார்த்து வையுங்கள். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். நான் ஒரு செங்கல் ஜோடியோடுதான் போவேன். இத்தனை விலை வண்டிக்குச் செங்கல்லா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

அடிக்கடி ட்ராக்குக்குப் போகிற ஆசை வந்துவிட்டால், எஸ்யூவியைத் தயார் செய்வதில் பணத்தைக் கொட்டாமல் பழைய, லேசான கார் ஒன்றைப் பாருங்கள். எனக்கு அதுதான் நடந்தது. என் எஸ்யூவி இப்போது அந்தச் சின்ன காரை இழுத்து வருகிற வேலையைச் சந்தோஷமாகச் செய்கிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் என்றால் இருக்கிற வண்டியே போதும்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் பேட்டின் தடிமனை டார்ச் அடித்துப் பாருங்கள், நட்டுகளைக் கடைசியாக ஒருமுறை முறுக்குங்கள். சூட்டில் இறக்கிய காற்றை மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். டயர் ஆறியதும் அழுத்தம் தடாலென்று இறங்கியிருக்கும், நெடுஞ்சாலை இன்னும் பாக்கி இருக்கிறது.