மண்புழு வீரனை எந்தப் பெட்டியில் ஆடுவது?

1990களில் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு டிவி கேம் ஆடவிட்ட சிறு கடைகளில் பெரும்பாலும் 8 பிட் பெட்டிகளே, அதாவது முந்தைய தலைமுறை விளையாட்டுக் கருவிகளே, இருந்தன. அதனால் 16 பிட் காலத்தின் மிகக் குறும்பான தாவல் விளையாட்டாகிய ‘எர்த்வார்ம் ஜிம்’ எங்கள் பகுதியில் பலருக்குக் கேள்விப்பட்ட பெயராகவே நின்றுவிட்டது. இப்போது தம் பிள்ளைகளோடு உட்கார்ந்து அதை ஆட விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது, ஒரே பெயரில் இத்தனை பதிப்புகள் இருக்கின்றனவே, எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான். அந்தக் கேள்விக்கும், தேர்ந்தெடுத்த பின் எப்படி ஆடுவது என்பதற்கும் இங்கே விடை சொல்ல முயல்கிறேன்.

டேவிட் பெர்ரி தொடங்கிய ஷைனி என்டர்டெயின்மென்ட் நிறுவனம் உருவாக்கிய இது 1994இல் வெளிவந்தது. கதாநாயகனை உருவாக்கியவர் டக் டென்னாபெல். மண்ணுக்குள் நெளிந்துகொண்டிருந்த ஒரு சாதாரண மண்புழுவின் மேல் வானத்திலிருந்து ஒரு விண்வெளிக் கவச உடை வந்து விழுகிறது. புழு கழுத்துப் பகுதியில் தலையை நீட்டிக்கொண்டு நிற்க, உடைக்குக் கையும் காலும் துப்பாக்கியும் இருப்பதால் அது வீரனாகிவிடுகிறது. புழு என்றால் தூண்டிலில் கோக்கும் இரை என்றே அறிந்த காசிமேட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தலைகீழ் மாற்றத்தை விளக்கத் தேவையே இல்லை.

பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் அளவுகோலாகக் கொள்ளுங்கள். இந்த விளையாட்டின் நகைச்சுவை வசனத்தில் இல்லை, அசைவில் இருக்கிறது. ஓவியர்கள் காகிதத்தில் கையால் வரைந்த படங்களைக் கணினியில் ஏற்றி உருவாக்கியதால், நீங்கள் எந்தப் பட்டனையும் தொடாமல் விட்டால்கூட ஜிம் சும்மா நிற்காமல் தன் புழு உடலையே கயிறாக்கி ஸ்கிப்பிங் ஆடுவான். எந்தப் பெட்டியில் அசைவும் ஒலியும் குறைகின்றனவோ, அந்தப் பெட்டியில் சிரிப்பும் குறைந்துவிடும்.

முதன்மையான போட்டி 16 பிட் பெட்டிகளாகிய செகா மெகா டிரைவ் பதிப்புக்கும் சூப்பர் நின்டெண்டோ பதிப்புக்கும் இடையில்தான். மெகா டிரைவின் திரை 320 புள்ளி அகலம் கொண்டது. சூப்பர் நின்டெண்டோவில் அது 256 புள்ளிதான். எதிரே வரும் ஆபத்தைச் சற்று முன்கூட்டியே காண முடிவதால் முன்னதில் ஆட்டம் நியாயமாகத் தோன்றும். வண்ணத்தில் நிலைமை நேர்மாறானது: மெகா டிரைவ் ஒரே நேரத்தில் சுமார் 64 வண்ணங்களையே காட்ட வல்லது, சூப்பர் நின்டெண்டோ அதைவிடப் பல மடங்கு காட்டும் என்பதால் பின்னணிக் காட்சிகள் அதில் செழிப்பாக இருக்கும். ஆனால் ‘இன்டெஸ்டினல் டிஸ்ட்ரஸ்’ என்ற ஸ்டேஜ் சூப்பர் நின்டெண்டோ பதிப்பில் இல்லவே இல்லை. மெகா டிரைவில் ஒலி கரகரப்பாக வந்தாலும் அந்த முரட்டுத்தனம் இந்தக் கதைக்குப் பொருந்துகிறது என்பது என் கருத்து. ஆகவே முதன்முறை ஆடுகிறவர்களுக்கு மெகா டிரைவையே பரிந்துரைப்பேன்.

1995இல், மெகா டிரைவோடு இணைத்துக் குறுந்தகடு ஓட்டும் கருவியாகிய செகா சிடிக்கு வந்த சிறப்புப் பதிப்பு இவற்றையெல்லாம் விடச் செறிவானது. ‘பிக் ப்ரூட்டி’ என்ற புதிய ஸ்டேஜும், கூடுதல் அசைவுகளும், குறுந்தகட்டிலிருந்து நேரடியாக ஒலிக்கும் டாமி டல்லரிகோவின் இசையும் அதில் உண்டு. அதே ஆண்டில் விண்டோஸ் 95க்கு வந்த பதிப்பும் இதைத் தழுவியதே. மெகா டிரைவில் ஒருமுறை முடித்தவர்கள் இரண்டாவதாக ஆட வேண்டியது இதைத்தான்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கையடக்கக் கருவியாகிய கேம் பாய்க்கான பதிப்பு நான்கு சாம்பல் சாயல்களில் அடங்கிவிட்டது. இன்னொரு கையடக்கக் கருவியாகிய கேம் கியரில் வண்ணம் உண்டு என்றாலும் திரை சிறியது. 2001இல் கேம் பாய் அட்வான்ஸுக்கு வந்ததில் அசைவும் ஒலியும் தட்டுத்தடுமாறுகின்றன. 2010இல் கேம்லாஃப்ட் உருவாக்கிய எச்டி பதிப்பு எக்ஸ்பாக்ஸ் 360க்கும் பிளேஸ்டேஷன் 3க்கும் வந்தது. அதில் நால்வர் சேர்ந்து ஆடலாம் என்பது ஒரு நன்மை, மறுபடி வரைந்த படங்களில் பழைய உயிர்ப்பு இல்லை என்பது ஒரு குறை.

பழைய கேசட்டு தேடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நான் ஒரு கடையில் வாங்கிய கேசட்டின் மேல் ஜிம்மின் படம் இருந்தது, உள்ளே வேறு ஏதோ கார் பந்தயம் ஓடியது. கடையிலேயே போட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். கணினியில் ஆட விரும்பினால் முதல் இரண்டு பாகங்களும் இணைய விற்பனைத் தளங்களில் முறைப்படி கிடைக்கின்றன. அங்கு விற்கப்படுவது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் இயங்குதளத்துக்கான பதிப்பு என்பதால், அது டாஸை இக்காலக் கணினியில் ஓடச்செய்யும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் வழியாக இயங்கும், எனவே ஆடத் தொடங்கும் முன் பட்டன் அமைப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும். பழைய பெட்டியைக் கணினியில் போலச்செய்யும் மென்பொருளாகிய எமுலேட்டரில் ஆடுவோர் 60 ஹெர்ட்ஸ் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நம் நாட்டின் பழைய பிஏஎல் (PAL) ஒளிபரப்பு முறைத் தொலைக்காட்சிகளுக்கான 50 ஹெர்ட்ஸில் அக்காலத்து விளையாட்டுகள் பொதுவாக ஆறில் ஒரு பங்கு மந்தமாக ஓடும். படத்தை அகலத் திரைக்கு இழுக்காமல் நான்குக்கு மூன்று என்ற விகிதத்திலேயே வையுங்கள். இல்லையெனில் ஜிம் பெரம்பூர் இட்லிபோல் உப்பித் தெரிவான். தொலைக்காட்சியில் கேம் மோட் இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள், பட்டன் அழுத்துவதற்கும் தாவுவதற்கும் இடையிலான தாமதம் குறையும்.

இன்னொன்று, மெகா டிரைவிலும் சூப்பர் நின்டெண்டோவிலும் ஆட்டத்தைச் சேமிக்கும் வசதி கிடையாது. மே மாத மின்வெட்டில் ஆறாவது ஸ்டேஜிலிருந்து முதல் ஸ்டேஜுக்கு வந்து விழுந்த வருத்தம் எனக்கு உண்டு. எமுலேட்டரில் ஆடுகிறவர்கள் ஒவ்வொரு ஸ்டேஜ் முடிவிலும் சேமித்துவிடுவது நல்லது.

ஆடத் தொடங்கியதும் அமைப்புப் பக்கத்தில் எளிய நிலையைத் தேர்ந்தெடுங்கள். சுடுவது, தாவுவது, சவுக்கடி என மூன்றே செயல்கள்தான். துப்பாக்கிக் குண்டு தீர்ந்துபோகும், ஆனால் தலையைச் சவுக்காகச் சுழற்றி அடிப்பதற்குச் செலவே இல்லை. ஆகவே சிறு எதிரிகளைச் சவுக்கால் முடித்து, குண்டுகளைப் பெரியவர்களுக்கு மிச்சம் வையுங்கள். அதே சவுக்கால் கொக்கிகளைப் பற்றி ஊசலாடலாம். அந்தரத்தில் இருக்கும்போது தாவல் பட்டனை விட்டு விட்டு அழுத்தினால் தலை ஹெலிகாப்டர்போல் சுழன்று விழும் வேகத்தைக் குறைக்கும். புதியவர்கள் பள்ளத்தில் விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் இதை மறப்பதுதான்.

ஸ்டேஜுகளுக்கு இடையே விண்வெளியில் சைக்ரோ என்ற காக்கை எதிரியோடு ஒரு பந்தயம் வரும். வென்றால் நேரே அடுத்த ஸ்டேஜ். தோற்றால் அவனோடு சண்டையிட்டே போக வேண்டும். நீருக்கடியில் கண்ணாடிக் குமிழை ஓட்டும் பகுதியில் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுவரில் மோத மோதக் கண்ணாடி விரிசல் விடும், காற்றும் தீர்ந்துகொண்டிருக்கும். தொட்டுத் தொட்டு விடுவதே வழி.

பிள்ளைகள் மிகவும் சிரிப்பதும் அழுவதும் பீட்டர் என்ற நாய்க்குட்டியின் ஸ்டேஜில்தான். அவன் யாருக்காகவும் நிற்காமல் தன்பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பான். பள்ளம் வரும்போது சவுக்கால் தட்டினால் தாவுவான். மேலிருந்து விழும் கற்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். அவனுக்கு அடிபட்டால் பூதமாக மாறி நம்மையே பிய்த்து எடுத்துவிடுவான். எனவே அவனுக்கு இரண்டடி முன்னால் சென்று பாதையைச் சுத்தம்செய்து, பள்ளத்தின் விளிம்பில் அவனுக்காகக் காத்திருங்கள்.

கடைசியாக, முதல் ஸ்டேஜாகிய குப்பைமேட்டின் தொடக்கத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டி தொங்கும், கீழே பலகையின் மறுமுனையில் ஒரு பசு நிற்கும். கொடுங்கையூர்ப் பக்கம் வளர்ந்தவர்களுக்குக் குப்பைமேட்டில் பசு நிற்பது வியப்பாக இராது. பெட்டியை விழவைத்தால் பசு வானத்தில் பறந்து மறையும். அது எங்கே போய் விழுகிறது என்பதைக் காண கடைசி எதிரியாகிய ராணியை வீழ்த்தும் வரை ஆடியாக வேண்டும்.