ரெவ் மேட்ச் பட்டனை எப்போது போடுவது, எப்போது அணைப்பது

மேனுவல் கார் பிரியர்களிடம் ஆட்டோ ரெவ் மேட்ச் என்று ஆரம்பித்தால் பேச்சு சீக்கிரமே சண்டையாகிவிடும். கியரை இறக்கும்போது புதிய கியருக்குத் தேவையான வேகத்துக்கு இன்ஜினைக் கம்ப்யூட்டரே ஏற்றித் தரும் வசதி அது. "காலால் செய்ய வேண்டியதைக் கம்ப்யூட்டர் செய்தால் அப்புறம் மேனுவல் எதற்கு?" என்று கேட்கும் கட்சிதான் பெரியது. நான் அந்தக் கட்சியில் இல்லை, எதிர்க்கட்சியிலும் இல்லை. என் காரில் அந்தப் பட்டன் சில நேரம் எரியும், சில நேரம் அணைந்திருக்கும். எப்போது எப்படி என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

ஒரே வேகத்தில் போகும்போது கியரைக் குறைத்தால் இன்ஜின் முன்பைவிட வேகமாகச் சுற்றியாக வேண்டும். நான்காவது கியரின் விகிதம் (கியர்பாக்ஸின் வெளித்தண்டு ஒரு சுற்று சுற்ற இன்ஜின் சுற்ற வேண்டிய அளவு) 1.25, மூன்றாவதின் விகிதம் 1.6 என்று வைத்துக்கொள்வோம். நான்காவதில் 3000 ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்படி போகிறீர்கள். மூன்றாவதுக்கு இறக்கினால் அதே வேகத்துக்கு 3840 வேண்டும். ஆனால் கிளட்ச்சை மிதித்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஆர்பிஎம் மீட்டரின் முள் மேலே போகாது, கீழே விழும். அந்த இடைவெளியை நிரப்பாமல் கிளட்ச்சை விட்டால், சக்கரங்கள்தான் இன்ஜினைப் பிடித்து இழுத்து மேலே ஏற்ற வேண்டும். வண்டி உதறுவது அதனால்தான். ஓடுகிற பேருந்தில் ஏறுகிறவர் கூடவே நாலு எட்டு ஓடிவிட்டுத்தானே படியில் கால் வைக்கிறார்? கிளட்ச்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு தட்டி ஆர்பிஎம்மை ஏற்றுவதும் அந்த ஓட்டம்தான்.

"சின்க்ரோ எதற்கு இருக்கிறது?" என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கியர் உரசாமல் விழும்படி கியர்பாக்ஸுக்குள் வேகங்களைச் சமப்படுத்தும் அந்த அமைப்பு 1928-லேயே காடிலாக்கில் வந்துவிட்டது. ஆனால் அது கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பாகங்களின் வேகத்தை மட்டும்தான் சரிசெய்யும். கிளட்ச்சுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்ஜின் அதன் கைக்கு எட்டாது. கியர் சத்தமில்லாமல் விழுந்த பிறகும் வண்டி உதறுவதற்குக் காரணம் இதுதான்.

ஆட்டோ ரெவ் மேட்ச் இன்ஜின் பக்கத்துக் கணக்கைப் பார்த்துக்கொள்கிறது. கிளட்ச் பெடலில் ஒரு சென்சார், கியர் லிவரில் ஒரு சென்சார், வண்டியின் வேகம் என மூன்று தகவல் கிடைத்தால் எத்தனை ஆர்பிஎம் வேண்டும் என்பது வெறும் பெருக்கல்தான். ஆக்சிலரேட்டர் கேபிள் இல்லாமல் மின்னணு முறையில் இயங்குவதால் கம்ப்யூட்டரே த்ராட்டிலை (இன்ஜினுக்குக் காற்று விடும் வால்வை) திறந்து மூடிவிடும். விற்பனைக்கு வந்த கார்களில் இதை முதலில் கொடுத்தது 2009 மாடல் நிஸ்ஸான் 370இசட். அப்புறம் கார்வெட், சிவிக் டைப் ஆர், ஹூண்டாயின் என் வரிசை, டொயோட்டா ஜிஆர் கொரோலா என்று பரவிவிட்டது. டொயோட்டா இதற்கு ஐஎம்டி என்று பெயர் வைத்திருக்கிறது. ஹூண்டாயும் கியாவும் ஐஎம்டி என்ற பெயரில் கொண்டுவந்தது கிளட்ச் பெடலே இல்லாத கியர்பாக்ஸ். அது முற்றிலும் வேறு சமாசாரம்.

பட்டனைப் போட்டு ஓட்டுவதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். லிவர் எந்தக் கியர் பக்கம் போகிறது என்று தெரிந்தால்தான் இந்த அமைப்பு வேலையை ஆரம்பிக்க முடியும். அதனால் கிளட்ச்சை முழுக்க மிதியுங்கள், லிவரைத் தயங்காமல் இலக்குக் கியரில் போடுங்கள், இன்ஜின் சத்தம் ஏறி நிற்பதைக் காதில் வாங்கிக்கொண்டு கிளட்ச்சை விடுங்கள். நியூட்ரலில் லிவரை வைத்துக்கொண்டு யோசித்தால் கம்ப்யூட்டரும் உங்களோடு சேர்ந்து காத்திருக்கும். கை வேகமாகவும் கால் அதைவிட வேகமாகவும் இருந்தால் ஆர்பிஎம் ஏறும் முன்பே கிளட்ச் பிடித்துவிடும். "சிஸ்டம் சரியில்லை" என்று குறை சொல்பவர்களில் பலர் கிளட்ச்சை விடும் அவசரத்தைக் கவனித்தாலே பாதிக் குறை தீரும். பட்டன் எரியும்போது நீங்களும் சேர்ந்து ஆக்சிலரேட்டரைத் தட்டாதீர்கள். ஒரு வேலையை இருவர் செய்தால் முள் தேவைக்கு மேல் போகலாம்.

இந்த வசதியில் எனக்குப் பிடித்ததே வேறு. இது ஒரு நல்ல வாத்தியார். ஒழுங்காகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதைச் சலிக்காமல் காட்டிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் பட்டனைப் போட்டு, ஒவ்வொரு டவுன்ஷிஃப்டிலும் (கியர் இறக்கத்திலும்) ஆர்பிஎம் மீட்டரைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது ஏறும் சத்தம், ஐந்திலிருந்து நான்குக்கு இறங்கும்போது ஏறுவதைவிட எவ்வளவு அதிகம் என்பது காதில் படிந்துவிடும். கீழ் கியர்களுக்கு இடையில் விகித வித்தியாசம் பெரியது, அதனால்தான்.

அப்புறம் அணையுங்கள். ஆனால் வலது காலாலேயே பிரேக்கையும் பிடித்து ஆக்சிலரேட்டரையும் தட்டும் ஹீல்-டோவுக்கு நேரே தாவாதீர்கள். காலியான நேர் சாலையில் பிரேக்கைத் தொடாமல், நான்கிலிருந்து மூன்றுக்கு மட்டும் இறக்கிப் பழகுங்கள். கிளட்ச் கீழே, லிவர் நகரும்போதே ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, கிளட்ச் மேலே. தட்டு குறைந்தால் மூக்கு குனியும், கூடினால் வண்டி முன்னால் துள்ளும். இரண்டுமே இல்லாமல் கியர் மாறியதே தெரியாமல் போனால் சரி. என்னைக் கேட்டால், கொஞ்சம் கூடப் போவது குறைவதைவிடப் பரவாயில்லை. ஆர்பிஎம் விழும் வழியில் சரியான இடத்தைக் கடந்துதான் போகும், அங்கே பிடித்துக்கொள்ளலாம்.

பிரேக்கோடு சேர்த்துச் செய்வது அடுத்த படி. இதை முதலில் நிறுத்தியிருக்கும் காரில், இன்ஜினை அணைத்துவிட்டு, வெறும் பெடல்களில் பழகுவது நல்லது. பெயரைப் பார்த்துக் குதிகாலைத் திருக வேண்டியதில்லை. வலது பாதத்தின் முன்பகுதியில் பெருவிரல் பக்கம் பிரேக்கில் இருக்கட்டும். பாதத்தின் வெளிவிளிம்பைச் சாய்த்து ஆக்சிலரேட்டரைத் தட்டினால் போதும். செருப்பு வேண்டாம், மெல்லிய, தட்டையான அடிப்பாகம் உள்ள ஷூ வேண்டும். அழுத்தமாகப் பிரேக் பிடிக்கும்போதுதான் இரண்டு பெடலும் ஒரே மட்டத்துக்கு வரும், அதனால் மெதுவாகப் பிடிக்கும்போது இது வராததை நினைத்து மனம் தளர வேண்டாம். தட்டும்போது பிரேக்கின் அழுத்தம் மாறக் கூடாது என்பதுதான் இதில் உண்மையான கஷ்டம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் தலையைப் பாருங்கள். என் மனைவி கைப்பேசியிலிருந்து நிமிர்ந்து பார்க்காமல் இருந்தால் எனக்குத் தேர்ச்சி.

பட்டனை நான் மறுபடி போடுவது மழையில். வழுக்கும் சாலையில், அதுவும் பின்சக்கரத்தால் ஓடும் காரில், பொருந்தாத ஒரு டவுன்ஷிஃப்ட் பின்டயர்களை ஒரு நொடி பூட்டிவிடலாம். தெரியாத மலைப்பாதையில் இறங்கும்போதும் போட்டுவிடுவேன். வலது கால் பிரேக்கை மட்டும் பார்த்துக்கொள்ளும், கண் வளைவைப் பார்த்துக்கொள்ளும். அதிலும் சந்தோஷம் இருக்கிறது. கால் வித்தைதான் மேனுவலின் ஒரே இன்பம் என்பவர்கள், எந்த வளைவுக்கு எந்தக் கியர் என்று தாங்களே முடிவு செய்வதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனக்கு அதுதான் பெரிய பங்கு. நெரிசலில் போட்டாலும் அணைத்தாலும் ஒன்றுதான், எரிச்சல் குறையாது.

ஒன்றை மட்டும் இது காப்பாற்றாது. ஐந்திலிருந்து நான்குக்குப் போக வேண்டிய லிவர் கை தவறி இரண்டில் விழுந்தால், கணக்கு சரியாகவே வந்தாலும் இன்ஜின் தன் ஆர்பிஎம் எல்லையைத் தாண்டிவிடலாம். இன்ஜின் எல்லை மீறாமல் காக்கும் ரெவ் லிமிட்டர் எரிபொருளைத்தான் நிறுத்தும். கிளட்ச்சை விட்டதும் சக்கரங்கள் இன்ஜினைச் சுற்றுவதை அதனால் நிறுத்த முடியாது. பட்டன் எரிகிறது என்ற தைரியத்தில் லிவரைப் பிடுங்கி அடிக்காமல், விரல்களால் வழிநடத்துங்கள். ஓடும்போது முதல் கியருக்கு இறங்குவதை நான் இதை நம்பிச் செய்வதே இல்லை.

கார் வாங்கும் யோசனை இருந்தால், ஓட்டிப் பார்க்கும்போதே அணைக்கும் வழி எங்கே என்று தேடுங்கள். 370இசட்டில் கியர் லிவர் பக்கத்திலேயே பட்டன். 2014 மாடல் கார்வெட்டில் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் துடுப்பு போன்ற விசை. பார்த்தால் ஆட்டோமேட்டிக் என்று நினைத்துவிடுவீர்கள். டைப் ஆரில் திரையின் மெனுவுக்குள் போக வேண்டும். சில கார்களில் வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை முழுக்க அணைத்தால்தான் ரெவ் மேட்சும் அணையும். பொதுச் சாலையில் அந்த விலை கொடுத்து நான் ஹீல்-டோ செய்ய மாட்டேன். அப்படிப்பட்ட காராக இருந்தால் வேறு கார் பார்ப்பேன்.