நிரலாக்கம் கற்க: எதைத் தனியே, எதைச் சேர்ந்து?

நிரல் எழுதத் தொடங்குபவர்கள் தனியாகப் படிப்பதா, நாலு பேரோடு சேர்ந்து படிப்பதா என்று முதல் நாளே முடிவு கட்டத் தேவையில்லை. கணினியே சுட்டிக்காட்டும் பிழைகளைத் தனியாகத் தீர்த்துப் பழக வேண்டும். அது வாய் திறக்காமல் விட்டுவிடும் பிழைகளுக்குத்தான் இன்னொருவர் துணை வேண்டும்.

ஆகவே முதல் சில வாரங்களைத் தனியே செலவிடுங்கள். பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்பதானால், சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த் என்பிடெல் (NPTEL) என்ற இணையவழிப் பாடத் தளத்தில் வழங்கியிருக்கும் 8 வாரப் பாடத்தின் காணொளிகளைக் கட்டணமின்றிப் பார்க்கலாம். பார்த்தால் மட்டும் போதாது. ஒவ்வோர் எடுத்துக்காட்டையும் காப்பி செய்து ஒட்டாமல் உங்கள் கையாலேயே தட்டச்சு செய்து, ஓட்டிப் பாருங்கள். வீட்டில் அமைதி கிடைக்காதவர்களுக்குக் கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகம் நல்ல இடம்.

பிழைச்செய்தி வந்தவுடன் யாருக்கும் போன் செய்யாதீர்கள். பைத்தானில் அச்செய்தியின் கடைசி வரியை முதலில் படியுங்கள்: என்ன வகைப் பிழை என்பது அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்கு மேலே இருக்கும். 'நேம் எரர்' என்றால், பெரும்பாலும் ஒரு பெயரை ஓரிடத்தில் ஒருவிதமாகவும் மற்றோரிடத்தில் வேறுவிதமாகவும் எழுதியிருப்பீர்கள். இதைக் கண்டுபிடிக்கும் பொறுமை பிறர் சொல்லி வருவதன்று.

ஆனால் இதைப் பாருங்கள். 'மதிப்பெண்கள்' என்ற பட்டியலில் 70, 80 என்ற இரண்டு எண்கள் உள்ளன. 'நகல்' என்ற பெயருக்கு அதைச் சமன்குறியிட்டுக் கொடுத்து (நகல் = மதிப்பெண்கள்), நகலில் மட்டும் 90 என்பதைச் சேர்க்கிறீர்கள். மதிப்பெண்களை அச்சிட்டால் அதிலும் 90 இருக்கும். சமன்குறி பட்டியலைப் படியெடுப்பதில்லை; ஒரே பட்டியலுக்கு இரண்டாவது பெயரைத்தான் சூட்டுகிறது. பிழைச்செய்தி எதுவும் வராததால், தனியாகப் படிப்பவர் இதைக் கவனிக்காமலே மாதக்கணக்கில் போய்விடக்கூடும்.

இப்படிப்பட்ட நிரல்களை இருவராக அமர்ந்து படியுங்கள். ஓட்டுவதற்கு முன் என்ன விடை வரும் என்று இருவரும் தனித்தனியே தாளில் எழுதுங்கள். இரண்டும் வேறுபட்டால், அல்லது கணினி தரும் விடை இரண்டோடும் ஒத்துப்போகாவிட்டால், அன்றைய பாடம் அதுதான். கீபோர்டு குறைவாகத் தெரிந்தவர் கையிலேயே இருக்கட்டும். தெரிந்தவர் அதைப் பிடுங்கிக்கொண்டால் மற்றவர் வேடிக்கை பார்ப்பவராகிவிடுவார், இது மிக எளிதாக நடந்துவிடுகிறது.

துணைக்கு ஆள் இல்லையென்றால், சென்னையில் பைத்தான் பயன்படுத்துவோரின் 'சென்னைபை', லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தின் ஆர்வலர்களின் 'ஐ.எல்.யு.ஜி.சி.' ஆகிய குழுக்களின் கூட்டங்களுக்குச் செல்லலாம். தேதியையும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். கேள்வியோடு போகும்போது, பிழை நிகழும் பகுதியை மட்டும் பத்து வரிக்குள் சுருக்கி, எதை எதிர்பார்த்தீர்கள், என்ன வந்தது என்ற இரண்டையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள். சுருக்கும்போதே பாதிச் சிக்கல்கள் அவிழ்ந்துவிடும். வாட்ஸ்அப்பில் கேட்பதானால் திரையின் புகைப்படத்தை அனுப்பாமல் நிரலை எழுத்தாகவே அனுப்புங்கள். அப்போதுதான் பதில் சொல்பவரால் அதை ஓட்டிப் பார்க்க முடியும்.

சேர்ந்து படித்த நிரலை மறுநாள் எதையும் பார்க்காமல் தனியே மறுபடி எழுதுங்கள். எழுத வராமல் கை நிற்கும் வரியைக் குறித்துவைத்து, அடுத்த சந்திப்பை அந்த வரியிலிருந்தே தொடங்குங்கள்.